வலப்பக்கம் திறக்கும் திருகு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றதா? ஐந்து முடிந்து ஆறு ஆரம்பம் என்று எழுதியிருந்தாய். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வருகிற பிள்ளை. அவளை ஒரு குடம்கூடத் தூக்க விடாதே.

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற குழாய்க்காரரைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். இப்போது அது ஒரு வரியில் அடங்காது. ஏழு பன்றி வைத்திருக்கிறார். விடிந்ததும் கொட்டிலைத் திறந்துவிட்டுத் தெருவுக்கெல்லாம் குழாய் மாட்டப் போய்விடுகிறார். ஏழும் நேராக என் நாற்றுத் தோட்டத்துக்கு வருகின்றன. பையில் இருக்கும் மண்ணில் புழு தேடுகின்றனவாம். ஒரு பையில் புழு இல்லையென்றால் அடுத்த பை. நான் ஒட்டுக் கட்டி, நாடா சுற்றி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மாங்கன்றெல்லாம் வேர் மேலே தெரியக் கிடக்கிறது.

அதில் பெரிய ஆண்பன்றிக்கு மேனேஜர் என்று பேர் வைத்திருக்கிறேன். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, நின்று பார்த்து, பிடிக்காததைக் கவிழ்த்துவிட்டுப் போகும். நேற்று மண்வெட்டியால் ஓங்கி ஒன்று போட்டேன். காது இரண்டாகப் பிளந்துவிட்டது. ரத்தம் கன்றுகள் மேலெல்லாம் தெறித்தது. கழுவ மூன்று குடம் தண்ணீர் ஆயிற்று. சொன்னால் நம்ப மாட்டாய், மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

குழாய்க்காரர் வந்து, "வாயில்லா ஜீவன்மா அது. இவ்வளவு ஓங்கி அடிக்கிற கைக்கு ஒரு வேலி கட்டத் தெரியாதா?" என்றார். பன்றியை அடைப்பது அவர் வேலையா, என் தோட்டத்தை அடைப்பது என் வேலையா, நீயே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வாந்தி நின்றுவிட்டது, இப்போது பசி பிடித்துக்கொண்டது. நான் பட்டறையிலிருந்து வந்தால் என் தட்டையும் சேர்த்துப் பார்க்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை துறுதுறுவென்று இருக்கிறது. மாமா உயிரோடு உன் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஆள் இப்படிப் பேசுவானா? ஒரு வார்த்தை சொல். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறி வந்து அவன் காலை உடைத்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன். என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். பழைய பட்டறையில் என்னிடம் அடி வாங்கினானே, சக்கரம் மாட்டுகிறவன், அவனுக்குத் தாடை இன்னும் கோணலாகத்தான் இருக்கிறதாம்.

நீ திட்டுவாய் என்று தெரியும். அவள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், பிள்ளை பிறக்கும்வரை யார் மேலும் கை வைப்பதில்லை என்று. அதனால் இப்போதைக்கு நீயே பார்த்துக்கொள். முள்வேலி கட்டு. தாண்டி வருகிறதைச் சும்மா விடாதே. காதில் அடிப்பதெல்லாம் வேலைக்காகாது அக்கா, முன்னங்காலில் அடி.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? குந்தி உட்கார்ந்தே வேலை செய்யாதே.

தம்பி

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் நலம் அறிய ஆவல்.

முள்வேலி கட்டினேன். நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மேனேஜர் முட்டிச் சாய்த்தது. பின்னாலேயே தாய்ப்பன்றி. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கிக்கொண்டு போய் அதன் முதுகில் ஊற்றினேன். தோல் உரிந்து வந்தது. அது கத்திய கத்தலில் நம் கறுப்பி குரைத்துக்கொண்டு ஓடியது. மேனேஜர் திரும்பி ஒரே கிழி. நாய்க்குக் குடல் வெளியே வந்துவிட்டது. உன் மாமா தோளில் போட்டு வளர்த்த நாய். என் மடியில்தான் போனது.

அதற்குள் குழாய்க்காரர் வந்தார். தாய்ப்பன்றியைப் பார்த்தார். கையிலிருந்த இரும்புக் குழாயால் வரிசையாக என் பைகளை அடித்துக்கொண்டே வந்தார். இருநூறு கன்று போயிருக்கும். நான் குறுக்கே விழுந்தேன். பிடித்துத் தள்ளினார். ஒட்டுக் கட்டுகிற கத்தி என் இடுப்பில் இருந்தது. அவர் முன்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். ஏழு தையலாம்.

அவர் பெண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ நல்லா இருப்பியா?" என்றாள். நான் நன்றாகத்தான் இருப்பேன் என்றேன்.

நீ வர வேண்டாம். செய்த சத்தியம் சத்தியமாக இருக்கட்டும். ஆனால் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்து என்னவெல்லாமோ செய்கிறாயே, அந்த மேனேஜர் காலைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு பொறி செய்து அனுப்பு. மறுபடி எழுந்திருக்கக் கூடாது.

அவளுக்கு என் அன்பைச் சொல். இதையெல்லாம் சொல்லாதே.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கறுப்பியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

பார்சல் ஆபீஸில் ஒரு சாக்குமூட்டை வரும். தனியாகத் தூக்காதே, கனம். பத்து டன் லாரிக்கு அடியில் இருந்த பட்டையை வெட்டிச் சூடேற்றி வளைத்திருக்கிறேன். இரண்டு தாடை, தாடைக்குப் பதினோரு பல். நடுவில் இருக்கும் தகட்டை மிதித்தால் கொக்கி விடும், வாய் மூடும். சோதித்துப் பார்க்கக் கட்டைவிரல் கனத்தில் ஒரு மூங்கிலை வைத்தேன். முறிந்த சத்தத்தில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

இப்போது முக்கியமான விஷயத்தைக் கேள். மூடிய வாயைத் திறக்கப் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. உலகத்தில் எல்லாத் திருகும் இடப்பக்கம் திருகினால் தளரும். இதில் மரையை, திருகைச் சுற்றி ஓடுகிற அந்தப் பள்ளத்தை, மாற்றி வெட்டியிருக்கிறேன். வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். ஏன் தெரியுமா? அவன் குழாய்க்காரன். முப்பது வருஷமாக ஸ்பானர் பிடித்த கை. பன்றி மாட்டிக்கொண்டு கத்தினால் ஓடி வருவான், திருகைப் பார்ப்பான், யோசிக்காமல் இடப்பக்கம் போடுவான் ஒரு போடு. அவன் பன்றியின் காலை அவன் கையாலேயே நசுக்குவான். அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

நீ மறந்துவிடாதே. வலப்பக்கம்.

வைத்த இடத்தில் ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அவளும் நலமென்று நம்புகிறேன். இது எட்டாம் மாதம், படி ஏற வேண்டாம் என்று சொல்.

பொறி வந்தது. பார்சல் ஆபீஸ் ஆள் சுமந்து வந்து வைத்துவிட்டு, "என்னம்மா இது, ரயிலை நிறுத்தவா?" என்று கேட்டான். உன் வேலைப்பாடு நன்றாக இருக்கிறது. திருகு எண்ணெய் போட்ட மாதிரி ஓடுகிறது. வலப்பக்கம் திறந்து, இடப்பக்கம் மூடி, பத்துத் தடவை பழகிக்கொண்டேன்.

ஆனால் மேனேஜர் லேசுப்பட்ட ஆளில்லை. ஒருநாள் வைத்த இடத்தில் மறுநாள் வருவதில்லை. அதனால் தினமும் இடம் மாற்றி வைக்கிறேன். மேலே சருகு பரப்பிவிட்டால் எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிற கன்றில் சிவப்பு நாடா ஒன்று கட்டிவிடுகிறேன். சிவப்பைக் கண்டால் தள்ளி நடப்பேன்.

பார்ப்போம், மேனேஜருக்கு எத்தனை நாள் என்று.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மழைக்கு முன்னால் ஒட்டுக் கட்டும் காலம், தலை சொறிய நேரமிருக்காது என்று அவள் சமாதானம் சொல்கிறாள்.

பட்டறையில் தினமும் கேட்கிறார்கள், "என்னப்பா, மாட்டுச்சா?" என்று. நான் எல்லோரிடமும் அந்த மரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதலாளிகூடச் சிரித்தார். இன்னும் இரண்டு பொறிக்குப் பட்டை வெட்டி வைத்திருக்கிறேன்.

ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்புகிறேன். சேற்றில் வெறும் காலோடு நடக்காதே. உன் பழைய செருப்பை அளவு வைத்து வாங்கினேன். சரியாக இருக்கிறதா என்று எழுது.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமா? அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வைத்தாயிற்றா?

பொறி வேலை செய்தது. மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு. நீ சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது. மற்ற இரண்டும் வேண்டாம். அனுப்பாதே.

குழாய்க்காரர் பன்றிகளைக் கட்டிப்போட்டுவிட்டார். ஒரு மாதமாக ஒன்றும் வேலி தாண்டவில்லை. கன்றுகள் தளிர்த்திருக்கின்றன. நான் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் ஒட்டுக் கட்டுகிறேன். நீ சொன்னபடி குந்தி உட்காருவதை விட்டுவிட்டேன்.

பூட்ஸ் வந்தது. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அத்தையாகிவிட்டாய். பெண். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். பிள்ளைக்கு உன் நெற்றி, உன் முறைப்பு. என் விரலைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறாள்.

அக்கா, உனக்கு எழுதத் தெரியவே இல்லை. 'பொறி வேலை செய்தது' என்றால் போதுமா? நான் மூன்று நாள் கண் விழித்துச் செய்த சாமான். பட்டறையே காத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், ஒவ்வொன்றாகப் பதில் சொல். எந்தக் கால் மாட்டியது? எலும்பு போனதா, சதை மட்டும்தானா? கத்தினதா? குழாய்க்காரன் ஓடி வந்தானா? வந்து இடப்பக்கம்தானே திருகினான்? நசுங்கினதும் அவன் மூஞ்சி எப்படி இருந்தது? அந்த மூஞ்சியைப் பார்க்க ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேன்.

மழை நின்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளை பிறந்த செய்தி படித்து அழுதுவிட்டேன். நல்ல அழுகைதான். மூவரும் நலமாக இருங்கள்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

இடது கால். எலும்பும் போனது, சதையும் போனது. கத்திய சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டதாம். குழாய்க்காரர் ஓடி வந்தார். வேலியைச் சுற்றி வராமல் முள்ளின் மேலேயே ஏறிக் குதித்து வந்தார். இடப்பக்கம்தான் திருகினார். பலம் போதாதென்று ஸ்பானர் பிடிக்கு ஒரு குழாயை மாட்டிக்கொண்டு திருகினார். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறாய். அதைப் பார்க்க யாரும் எதையும் கொடுக்கக் கூடாது தம்பி.

பட்டறையில் இதற்குமேல் பேச வேண்டாம் என்று சொல்.

இப்போது வராதீர்கள். வழியெல்லாம் சேறு. பச்சைக் குழந்தை. நானே சொல்கிறேன், அப்போது வரலாம்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனசில்லை.

நம் ஊர்ப் பக்கத்து லாரிக்காரர் இன்று பட்டை மாற்ற வந்தார். "உங்க அக்காவுக்குக் கட்டைக்கால் வெச்சாச்சா, இன்னும் ஊன்றுகோல்தானா?" என்று கேட்டார். சம்மட்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். நீ மாட்டிக்கொண்டு துடிக்கும்போது அந்தக் குழாய்க்காரன் உன் காலில் ஸ்பானரை வைத்து நெரித்தானாம். நீ கத்தக் கத்த நெரித்தானாம். தெருவே பார்த்ததாம்.

நீ என்னிடம் மறைத்தாய். மூன்று மாதம். ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்துவிட்டது அக்கா, சத்தியம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். எந்தக் கையால் திருகினானோ அந்தக் கை அவனுக்கு இனி இருக்காது. நீ எதுவும் எழுதித் தடுக்க வேண்டாம்.

தம்பி

ஆகஸ்ட் 10

தம்பி,

இது நீ கிளம்பும் முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். தபால் வண்டி போய்விடுமோ என்று அவசரத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு எதை வேண்டுமானாலும் செய்.

நான் கட்டிய சிவப்பு நாடாவை மேனேஜர் பிடுங்கித் தின்றுவிட்டது. பன்றிக்குச் சிவப்பென்ன, பச்சையென்ன. காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். நாடா இல்லை, அதனால் பயமில்லை. தகட்டை மிதித்ததுகூடத் தெரியவில்லை. பெரிய சத்தம் கேட்டது, அப்புறம்தான் அது என் கால் என்று தெரிந்தது. பல் எலும்பில் இறங்கியிருந்தது, ஆனால் எலும்பு முறியவில்லை. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அத்தோடு நின்றிருந்தால் கால் பிழைத்திருக்கும்.

திருகு எனக்கு எட்டவில்லை. கத்தினேன். அவர் முற்றத்தில் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கிழித்து ஏழு தையல் போட வைத்த மனுஷன் முள்ளில் குதித்து வந்தார். முழங்காலெல்லாம் ரத்தம். "அசையாதீங்கம்மா, அசையாதீங்க, இதோ கழட்டிடறேன்" என்றார்.

நான் சொன்னேன் தம்பி. மறக்கவில்லை. "வலப்பக்கம், வலப்பக்கம் திருகுங்க" என்றேன்.

"நீங்க பேசாதீங்க. வலியில உங்களுக்கு என்ன சொல்றோம்னே தெரியல. திருகு எனக்குத் தெரியும்மா" என்றார்.

"அய்யோ, வலப்பக்கம்."

"கண்ணை மூடிக்குங்க. ஒரே சுத்து."

முதல் தடவை கை வழுக்கியது. அதனால்தான் குழாயை மாட்டிக்கொண்டார். என்னைச் சீக்கிரம் விடுவிக்க வேண்டுமென்று இருந்த பலத்தையெல்லாம் போட்டார். ஒரே சுற்றில் எலும்பு இரண்டும் நொறுங்கின. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன், அவரும் கேட்டார். ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு அதைத் தொடவே பயந்துபோனார். பொறியோடு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார். ஆஸ்பத்திரியில் பொறி கவ்விய இடத்துக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருக்கிறது.

பதினெட்டு நாள் அவர் பெண்டாட்டிதான் எனக்கு மலம் அள்ளினாள். நல்லா இருப்பியா என்று கேட்டவளேதான்.

உன்னிடம் ஏன் மறைத்தேன்? நீ அவரை அடிப்பாய் என்று பயந்து மட்டும் இல்லை. நீ நினைத்து நினைத்துச் சிரித்த காரியம் என் காலில் நடந்தது என்று எப்படி எழுதுவது? உன் தவறென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மறுபடி எழுந்திருக்கக் கூடாது என்று கேட்டு எழுதியது நான்தான். நீ கேட்டபடி செய்து கொடுத்தாய். அவர் தெரிந்தபடி திருகினார்.

அவர் கையில் குற்றமில்லை. வராதே. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளை நலமா? தலை நின்றதா? அவளுக்கு இடுப்புவலி இருந்தால் வெந்நீர் ஊற்றச் சொல்.

உன் நான்கு வரிக் கடிதம் வந்தது. நீ இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போனபோதுதான் என் கடிதம் வாசலில் கிடந்தது என்றும், படித்ததிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இனி என்ன செய்வது என்று கேட்கிறாய்.

முதலில் அன்று நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ என் வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போனாய். நான் கொட்டகையில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. "தம்பி" என்று கூப்பிட்டேன். அவர் கதவைத் திறந்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து வாசல் கல்தூணில் வைத்து, சம்மட்டியை ஓங்கினாய். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நான் எழுந்திருக்கும்போது முதல் அடி விழுந்தது. கொட்டகை வாசலுக்கு வருவதற்குள் இரண்டாவது. என் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் நாற்பது அடி தூரம். ஒற்றைக் காலில் நாற்பது அடி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியாது. ஐந்து அடி விழுந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன்.

அவர் உன்னைத் தடுக்கவில்லை. கவனித்தாயா? உன்னைவிடப் பலமான ஆள் அவர். இடது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நீ என்னைப் பார்த்தாய். காலைப் பார்த்தாய். சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடினாய்.

வலது கையில் நான்கு விரல் இனி மடங்காதாம். போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். கட்டிலிலிருந்தே, "குழாய் இறக்கும்போது மேல விழுந்துடுச்சு" என்றார் குழாய்க்காரர். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரர் போன பிறகு, "ஏன் இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வலப்பக்கம்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. நான் கேட்கல" என்றார்.

கொட்டில் கதவுக் கயிற்றை ஒற்றைக் கையால் இறுக்கி முடிச்சுப் போட அவரால் முடியவில்லை. போன வாரத்திலிருந்து பன்றிகள் மறுபடி வருகின்றன. பிளந்த காதோடு மேனேஜர் முதலில் வருகிறது, வெந்த முதுகோடு தாய்ப்பன்றி பின்னால். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரட்டக் கால் இல்லை என்று வைத்துக்கொள். மேனேஜர் இப்போதும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சாக்கில் கட்டிக் கொடுத்த பொறி கொட்டகை மூலையில் மூடியபடியே கிடந்தது. நானும் தொடவில்லை, அவரும் தொட்டதில்லை. "அதைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்றார். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையால் அணைத்துப் பிடித்து, இடது கையில் ஸ்பானரை எடுத்து, திருகில் வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம்மா?"

"வலப்பக்கம்."

திருகினார். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. திறந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லில் இன்னும் கறை இருக்கிறது.

"இவ்வளவு லேசா" என்றார். பிறகு, "உங்க தம்பி மரையை எதுக்கு மாத்திப் போட்டாரு?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாமென்று வாயெடுத்தேன். வரவில்லை. "உங்களுக்காகத்தான். உங்க கை இடப்பக்கம் போகும்னு தெரிஞ்சுதான்" என்றேன்.

அவர் திருகை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல வேலைக்காரரு" என்றார்.

அவர் போனதும் அழுதேன் தம்பி. காலை எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவரை வெட்டியது நான், அவர் பன்றியை அவித்தது நான், பொறி கேட்டதும் நான். அவர் கையில் விழுந்த ஐந்து அடியில் எனக்கும் பங்கு உண்டு. நீ மட்டும் தனியாகச் சுமக்க வேண்டாம்.

என்ன செய்வது என்று கேட்டாயே. அவர் பெண்டாட்டி இன்று காலை வேலியோரம் வந்து நின்று சொன்னாள், "உங்க தம்பியை வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல யாரும் அவரை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நாலு வீட்டுல குழாய் பாதியில நிக்குது. இவரு வாயால சொல்லுவாரு, உங்க தம்பி கையால மாட்டட்டும்."

அதனால் கிளம்பி வா. உன் வீட்டுக்காரியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. என் வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, நீ மட்டும் நேரே அவர் வீட்டுக்குப் போ. முதலில் அந்தக் கொட்டில் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடு. ஒற்றைக் கையால் போட்டு ஒற்றைக் கையால் எடுக்கிற மாதிரி இருக்கட்டும். எல்லோர் வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரியும் திறக்கட்டும்.

சாமான் பெட்டியை எடுத்து வா. சம்மட்டி வேண்டாம். நீ போட்டுவிட்டுப் போனது அவர் வீட்டில்தான் இருக்கிறது.

அக்கா